சாக்கடைக்காகக் கட்டிய கரையில் ஒரு சைக்கிள் பாதை: லண்டன் சொல்லும் பாடம்

[காட்சி: தேம்ஸ் ஆற்றங்கரை, காலை எட்டு மணி. கற்சுவரை ஒட்டி இரு திசைகளிலும் செல்லும் சைக்கிள்கள்.]

வணக்கம் நண்பர்களே. லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே தொடங்கி, ஆற்றை ஒட்டியே கிழக்கு நோக்கிச் செல்லும் விக்டோரியா எம்பாங்க்மென்ட் சாலையைத்தான் இப்போது பார்க்கிறீர்கள். பக்கத்திலேயே லாரிகள் ஓடிக்கொண்டிருந்தாலும், கல் வைத்துப் பிரிக்கப்பட்ட தனிப் பாதையில் மக்கள் நிம்மதியாகச் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறார்கள். இந்தப் பாதை திறக்கப்பட்டது 2016ஆம் ஆண்டு மே மாதத்தில். ஆனால் இது இவ்வளவு சிறப்பாக அமைந்ததற்கு முக்கியக் காரணம், 1870இல் ஒரு சாக்கடைத் திட்டத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரு சுவர். சாக்கடைக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? கடைசி வரை பாருங்கள்.

[காட்சி: சாலையில் நீல வண்ணம் பூசிய பட்டை.]

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் 2010இலேயே ‘சைக்கிள் நெடுஞ்சாலை’ என்ற பெயரில் சில பாதைகள் திறக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி, சாலையோரத்தில் பூசப்பட்ட நீல வண்ணம் மட்டுமே. வண்ணத்தால் ஒரு லாரியைத் தடுக்க முடியாது. 2013 மார்ச்சில் அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சன், நகரின் குறுக்கே கிழக்கு மேற்காகத் தனித்துப் பிரிக்கப்பட்ட ஒரு பெரும் பாதை அமைக்கப்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் இரண்டே வாரங்களில் லண்டன் சாலைகளில் ஆறு சைக்கிளோட்டிகள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு, இந்தத் திட்டம் தேவையா என்ற கேள்வியை எழுப்புவது எளிதாக இருக்கவில்லை.

[காட்சி: வரைபடம். ஆறு, சுவர், சாலை, வடபுறத்தில் மட்டும் வந்து சேரும் தெருக்கள்.]

சரி, பாதையை எங்கே போடுவது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆகவே இங்கே சற்று நின்று பேசப் போகிறேன். எந்தத் தெருவில் இடம் அதிகம் இருக்கிறது என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. ஆனால் சைக்கிளில் செல்பவருக்கு ஆபத்து மிகுதியாகக் காத்திருப்பது சந்திப்புகளில். லண்டனிலும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இடப்பக்கம் திரும்பும் ஒரு தண்ணீர் லாரியின் ஓரத்தில், நேரே செல்ல நினைத்து நின்றுகொண்டிருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஓட்டுநரின் இருக்கையிலிருந்து அந்தப் பிள்ளை தெரியாமலே போகலாம். ஆகையால், ஒரு நெடும் பாதையைத் திட்டமிடுகிறவர் தேட வேண்டியது, குறுக்கே தெருக்கள் வந்து வெட்டாத ஓர் ஓரத்தை.

அந்த ஓரத்தை லண்டனுக்குத் தந்தவர் ஜோசப் பசால்ஜெட் என்ற பொறியாளர். 1858ஆம் ஆண்டுக் கோடையில், நகரின் கழிவெல்லாம் கலந்த தேம்ஸ் ஆறு எழுப்பிய நாற்றம் தாங்காமல், நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளை மருந்து நீரில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதன் பின்னர்தான் கழிவுநீரை ஆற்றில் விழாமல் தடுத்து, கிழக்கே கொண்டுசெல்லும் பெருங்குழாய்களை அமைக்கும் பொறுப்பு பசால்ஜெட்டிடம் வந்தது. ஆற்றின் ஓரத்தைத் தூர்த்து, கற்சுவர் எழுப்பி, அதற்குள் கழிவுநீர்க் குழாயையும் சுரங்க ரயிலையும் புதைத்து, மேலே அகலமான ஒரு சாலையை அவர் போட்டார். அந்தச் சாலையின் தென்புறம் ஆறு. ஆற்றிலிருந்து தெரு எதுவும் ஏறி வராது. படகுத்துறைகளும் பாலங்களும் மட்டும்தான் குறுக்கிடும். பக்கத் தெருக்கள் எல்லாம் வடபுறத்தில் வந்து முடிந்துவிடுகின்றன.

ஆக, இரு திசைப் போக்குவரத்துக்கும் சேர்த்து ஒரே பாதையாக, ஆற்றோரத்தில் அமைப்பது என்று முடிவானது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. காலையில் பெருங்கூட்டம் வேலைக்குப் போகும் திசையில் செல்லும். மாலையில் அதே கூட்டம் திரும்பி வரும். சாலையின் இருபுறமும் தனித்தனியே ஒடுக்கமான பாதைகளைப் போட்டிருந்தால், எந்நேரமும் ஒன்று நெரியும், மற்றொன்று காலியாகக் கிடக்கும். நான்கு மீட்டர் அகலத்தில் ஒரே பாதையாக இருக்கும்போது, எதிரே வருபவர்கள் குறைவு என்பதால் முந்திச் செல்வதற்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

[காட்சி: அருகிலிருந்து, கண் மட்டத்தில் சிறிய சைக்கிள் சிக்னல். பச்சை விளக்கில் சைக்கிள் உருவம்.]

குறுக்கீட்டைத் தவிர்க்கவே முடியாத இடங்களும் வழியில் உண்டு. அத்தகைய சந்திப்புகளில் சைக்கிள்களுக்குப் பச்சை எரியும்போது, அவற்றின் வழியில் திரும்ப வேண்டிய வாகனங்களுக்குச் சிவப்பு எரிகிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் வழி கிடையாது. சிக்னல் கம்பத்தைக் கவனியுங்கள்: அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாமல், சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கே ஒரு சிறு விளக்கைப் பொருத்தியிருக்கிறார்கள். பாதையோரக் கல்லையும் பாருங்கள். செங்குத்தாக இல்லாமல் சாய்வாகச் செதுக்கியிருப்பதால், ஓரமாக ஒதுங்கினாலும் பெடல் கல்லில் இடித்து ஆள் விழுந்துவிட மாட்டார். இதை வரைந்தவர்கள் தாமும் சைக்கிள் மிதித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

[காட்சி: நெரிசலில் நிற்கும் கார்கள்.]

எதிர்ப்பு கடுமையாகத்தான் இருந்தது. மேற்கு நோக்கிச் செல்லும் மோட்டார் வாகனங்களுக்கான இடம் குறைந்ததால், காலை நெரிசலில் நகரின் கிழக்கே உள்ள லைம்ஹவுஸ் சுரங்கச் சாலையிலிருந்து மேற்கே உள்ள ஹைட் பார்க் முனை வரை செல்ல 16 நிமிடம் வரை கூடுதலாகும் என்று முதல் வரைவின் கணக்கு காட்டியது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பலர் திட்டத்தையே நிறுத்தக் கோரினார்கள். வரைவைத் திருத்தி, சில இடங்களில் பாதையின் அகலத்தை 3 மீட்டராகக் குறைத்த பிறகு, அந்தத் தாமதம் ஏறத்தாழ 6 நிமிடங்களுக்கு இறங்கியது. இந்த விட்டுக்கொடுப்பு சரியானதே என்று நான் நினைக்கிறேன். ஒரு மீட்டருக்காகப் பிடிவாதம் பிடித்திருந்தால் முழுப் பாதையும் கைநழுவியிருக்கும். 2014இல் நடந்த கருத்துக் கேட்பில், இந்தப் பாதையும் இதைக் குறுக்கே சந்திக்கும் வடக்கு–தெற்குப் பாதையும் சேர்ந்து 21,000க்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றன. பதிலளித்தவர்களில் 84 சதவீதத்தினர் ஆதரவு தெரிவித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், தங்கள் ஊழியர்களுக்கு இது வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லின. 2015 பிப்ரவரியில் லண்டன் போக்குவரத்து ஆணையத்தின் வாரியம் ஒப்புதல் அளித்தது.

பாதைகள் திறந்த இரண்டு வாரங்களுக்குள்ளேயே, நெரிசல் மிகுந்த இடங்களில் அவை சாலைப் பரப்பில் 30 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே செல்லும் மக்களில் 46 சதவீதத்தினரைச் சுமந்தன என்று அதே ஆணையம் கணக்கிட்டது. “சைக்கிளுக்கு இடம் கொடுத்தால் சாலை வீணாகிறது” என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

[காட்சி: மீண்டும் ஆற்றுச் சுவர். அதன் மேல் ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.]

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஊரின் வரைபடத்தை எடுத்து, ஆற்றங்கரை, கால்வாய்க் கரை, ஏரிக்கரை, ரயில் பாதையின் மதில் என்று குறுக்குத் தெருக்கள் வந்து சேராத நீளமான ஓர் ஓரம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, வழியில் எத்தனை பாலங்கள் குறுக்கிடுகின்றன என்பதையும் சேர்த்துக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். வருகிற வரைபடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடுத்த வீடியோவில் சேர்ந்தே பார்ப்போம்.