பூனை ஏன் பின்பக்கத்தைத் தரையில் தேய்க்கிறது?

வணக்கம். அடுத்த கேள்வி ஒரு சகோதரி கேட்டது. "எங்கள் பூனை சில நாட்களாக உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்கிறது. பூச்சிதான் என்று எல்லோரும் சொன்னதால் பூச்சி மருந்து கொடுத்தேன். அப்படியும் நிற்கவில்லை. என்ன காரணம்?" என்று கேட்டிருக்கிறார்.

நாய்கள் இப்படித் தேய்ப்பதை அடிக்கடி பார்க்கலாம். பூனை அப்படியல்ல. வாலுக்கு அடியில் ஏதாவது உறுத்தினால் அது முதலில் நக்கித்தான் சரிசெய்யப் பார்க்கும். தரையில் இழுத்துத் தேய்க்கும் அளவுக்கு வந்துவிட்டது என்றால், நக்கியும் தீராத உறுத்தல் ஏதோ இருக்கிறது. அது பூச்சியாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அதனால் மருந்தைக் கையில் எடுக்கும் முன்பு வாலைத் தூக்கிப் பாருங்கள். பூனை சாந்தமாக இருக்கும் நேரத்தில் ஒருவர் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கத்தினாலோ கடிக்க வந்தாலோ விட்டுவிடுங்கள். அந்த அளவுக்கு வலி இருக்கிறது என்பதே டாக்டரிடம் போகப் போதுமான காரணம்.

அங்கே என்ன பார்ப்பீர்கள்? ஆசனவாயை ஒரு கடிகாரமாக வைத்துக்கொண்டால், 4 மணி இருக்கும் இடத்திலும் 8 மணி இருக்கும் இடத்திலும் தோலுக்கு உள்ளே ஒவ்வொரு சின்னப் பை இருக்கிறது. கடும் நாற்றமுள்ள திரவம் அதில் சுரக்கும். பூனை கெட்டியாக மலம் கழிக்கும்போது அந்த அழுத்தத்தில் பை தானாகக் காலியாகிவிடும். மலம் பல நாள் இளகியே போனால் அந்த அழுத்தம் கிடைக்காது. திரவம் உள்ளேயே தங்கி, பசை மாதிரி கெட்டியாகி, பையின் வாய் அடைத்துக்கொள்ளும். அப்போதுதான் பூனை தேய்க்க ஆரம்பிக்கும், வாலடியை விடாமல் நக்கும், உட்கார்ந்த இடத்தில் அழுகிய மீன் வாடை அடிக்கும். இந்த நிலையில் டாக்டர் கையுறை போட்டுப் பையை அழுத்தி வெளியேற்றினால் பெரும்பாலும் அன்றைக்கே பூனை நிம்மதியாகிவிடும்.

விட்டுவிட்டால் கிருமி சேர்ந்து சீழ் கட்டும். ஒரு பக்கம் மட்டும் சிவந்து வீங்கும், ஒருநாள் உடைந்து ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்து ரத்தமும் சீழும் வடியும். பலர் அதைப் பார்த்துவிட்டு வேறு பூனை கடித்திருக்கிறது என்று மஞ்சள் தடவிக்கொண்டு இருப்பார்கள். அது கடிகாயம் இல்லை, உடைந்த பை. கழுவி, வலிக்கும் கிருமிக்கும் மருந்து கொடுக்க வேண்டும். வீட்டில் நீங்களே பிதுக்கிப் பார்க்க வேண்டாம், உள்ளேயே கிழிந்துவிடும்.

சரி, பூச்சிக்கு வருவோம். வாலடி முடியிலோ பூனை படுக்கும் துணியிலோ அரிசி அளவில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. புதிதாக வந்தது மெதுவாக நெளியும், காய்ந்துவிட்டால் மஞ்சளாகி எள் மாதிரி உதிரும். இதைக் கண்ணால் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

மருந்து கொடுத்தும் ஏன் நிற்கவில்லை என்பதற்கு இங்கே இரண்டு காரணம் உண்டு. எல்லாப் பூச்சி மருந்தும் எல்லாப் பூச்சியையும் கொல்லாது. பைரன்டெல் மட்டும் உள்ள மருந்து உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும்தான், நாடாப்புழு அசையாது. அதற்குப் பிராசிகுவாண்டெல் போன்ற மருந்து வேண்டும். டப்பாவில் என்ன பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, இந்தப் புழு பூனைக்குப் பெரும்பாலும் வருவது தெள்ளுப்பூச்சி வழியாக. பூனை தன்னை நக்கும்போது தெள்ளை விழுங்கிவிடும், அதற்குள் இருக்கும் புழுக்குஞ்சு குடலில் வளரும். மூன்று வாரத்தில் மறுபடி துண்டுகள் வர ஆரம்பித்துவிடும். தெள்ளை ஒழிக்காமல் புழுவை மட்டும் கொன்றால் இந்தச் சுற்று முடியவே முடியாது. தெள்ளின் முட்டையும் குஞ்சும் பெரும்பாலும் பூனை மேல் இருக்காது, படுக்கையிலும் தரை விரிப்பிலும் இருக்கும். துணியைச் சுடுநீரில் அலசுங்கள், வீட்டில் உள்ள எல்லாப் பூனை நாய்க்கும் சேர்த்து மருந்து போடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடவே போடாதீர்கள். பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனையின் உடலால் அதைச் செரித்து வெளியேற்ற முடியாது, வலிப்பு வந்து உயிரே போய்விடும்.

நீண்ட முடிப் பூனையாக இருந்தால் மலம் முடியில் காய்ந்து திரண்டிருக்கிறதா பாருங்கள், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுத்தாலே தேய்ப்பது நின்றுவிடும். குண்டான பூனைக்கும் வயதான பூனைக்கும் உடலை வளைத்து நக்க முடியாமல் போவதால் இதே தொல்லை வரும். உணவு ஒவ்வாமையிலும் வாலடி அரிக்கும். வயதான பூனைக்கு அங்கே கட்டி இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

நூல் ஏதாவது வெளியே தொங்கினால் இழுக்காதீர்கள், அதன் மறுமுனை குடலில் மாட்டியிருந்தால் குடலையே அறுத்துவிடும். சிவப்பாகச் சதை பிதுங்கி நின்றால் உடனே கிளம்புங்கள். ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டுக்குப் போய் முக்கியும் சிறுநீர் வராமல் பின்பக்கத்தையே நக்கிக்கொண்டிருந்தால், அது சிறுநீர் அடைப்பு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க நேரமில்லை, இரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சகோதரி, உங்கள் பூனைக்கு இந்த அவசரம் எதுவும் இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது பூனை தேய்ப்பதை ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே போனதும் அது செய்யாது. அன்று காலை போன மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், கொடுத்த பூச்சி மருந்தின் அட்டையையும் கூடவே கொண்டுபோங்கள்.