கேட்டுக்கு உள்ளே இரண்டு கொலை: நொய்டா ஜலவாயு விஹார் வழக்கு சொல்றது என்ன?

[திரையில்: நொய்டா வரைபடம், செக்டர் 25]

2008 மே 16, வெள்ளிக்கிழமை காலை. டெல்லியை ஒட்டின நொய்டாவில், விமானப்படை, கடற்படைக் குடும்பங்களுக்காகக் கட்டின ஜலவாயு விஹார் காலனி. சுற்றுச்சுவர் உண்டு, கேட் உண்டு, ராத்திரி காவலும் உண்டு. அங்க எல்-32ங்கிற வீட்டுல ஆருஷிங்கிற பொண்ணு தன்னோட படுக்கையிலேயே கொலையாகிக் கிடக்குறா. 14 வயசு முடிய இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

அந்த வீட்டுலயே தங்கி வேலை பார்த்த ஹேம்ராஜைக் காணோம். நேபாளத்துக்காரர், 45 வயசு. வேலைக்காரர் காணாமப் போனா வேற என்ன யோசிப்பாங்க? அவர்தான் கொன்னுட்டு ஓடிட்டார்னு போலீஸ் முடிவு பண்ணிட்டாங்க. துப்புக் கொடுத்தா 20,000 ரூபாய்னு அறிவிப்பும் வந்தது.

மறுநாள் காலைல மொட்டை மாடிக் கதவோட பூட்டை உடைச்சுப் பார்த்தா, அங்க ஹேம்ராஜோட உடல். ஏர் கூலர் தகட்டை மேல போட்டு மூடியிருந்தது. மே மாச வெயில்ல ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்திருக்கு. மாடிக் கதவுல இரத்தக்கறை இருந்தது முந்தின நாளே தெரியும். சாவி கிடைக்கலைன்னு அந்தக் கதவைத் திறக்காமலே விட்டுட்டாங்க.

இந்த இடத்தை வேகமா தாண்டிப் போக எனக்கு மனசு வரலை. செத்துக் கிடந்த மனுஷன் தலைக்கு அந்த நேரத்துல பரிசு அறிவிச்சிருந்தாங்க. இது போலீஸ் தப்பு மட்டுமில்ல. நம்ம அபார்ட்மெண்ட் கேட்டைப் பாருங்க. வேலைக்கு வர்ற அக்காவுக்கு போட்டோ ஒட்டின அட்டை, போலீஸ் வெரிஃபிகேஷன், போகும்போது பையைத் திறந்து காட்டணும். குடியிருக்கிறவங்க கார் வந்தா சல்யூட். சந்தேகத்தை யார் மேல வைக்கணும்ங்கிறதை, ஒரு குற்றமும் நடக்கிறதுக்கு முன்னாடியே கேட் முடிவு பண்ணி வச்சிருக்கு.

[திரையில்: வீட்டின் வரைபடம், கதவுகள் சிவப்பில்]

அடுத்தது, இந்த வழக்கையே திசை திருப்பின கணக்கு. வீட்டுல நாலு பேர். ரெண்டு பேர் இறந்துட்டாங்க. வெளியாள் வந்ததா தெரியலை. அப்போ மிச்சம் இருக்கிற ரெண்டு பேர்தான், அதாவது பல் மருத்துவர்களான பெற்றோர். நடுவுல வேற வீடுகள்ல, கிளினிக்ல வேலை பார்த்த மூணு பேரைக் கைது பண்ணி, குற்றப்பத்திரிகை போட முடியாம விட்டாங்க. 2010 டிசம்பர்ல, போதுமான ஆதாரம் இல்லை, வழக்கை மூடிடலாம்னு சிபிஐயே அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. 2013 நவம்பர்ல காசியாபாத் சிபிஐ நீதிமன்றம் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

அந்தத் தீர்ப்புல அடுக்கின காரணங்கள்ல சிலதைக் கேளுங்க. ராத்திரி ஒன்பதரைக்கு மேல வெளியாள் வீட்டுக்குள்ள வந்ததா எதுவும் இல்லை. கதவை உடைச்ச தடயம் இல்லை. அந்தப் பக்கம் சந்தேகப்படும்படி யாரும் சுத்தினதா சாட்சி இல்லை. எல்லாமே 'இல்லை'தான்! யாரும் பார்க்கலைங்கிறதை யாரும் வரலைன்னு எடுத்துக்கலாமா? காவலாளி ஒரே இடத்துல நிக்கிறவர் இல்லை, ரோந்து போறவர். அவர் இந்தப் பக்கம் நடக்கும்போது அந்தப் பக்க மாடிப்படி அவர் கண்ணுல படாது.

வீட்டுக்குள்ளேயும் ஒரு விஷயம். ஹேம்ராஜ் அறைக்கு ரெண்டு கதவு. ஒன்னு வீட்டுக்குள்ள, இன்னொன்னு வாசல் பக்கம். முன்வாசல் வழியா வராமலே அவர் அறைக்குள்ள ஒருத்தர் வந்து போக வழி இருந்தது. 2017 அக்டோபர் 12-ல அலகாபாத் உயர் நீதிமன்றம் பெற்றோரை விடுதலை பண்ணப்போ, வெளியாள் வந்திருக்க வாய்ப்பே இல்லைன்னு அரசுத் தரப்பு நிரூபிக்கலைன்னு சொல்லிடுச்சு. அதுக்கு எதிரா ஹேம்ராஜோட மனைவி உச்ச நீதிமன்றம் போனாங்க. 2018-ல சிபிஐயும் போச்சு. கொன்னது யாருங்கிற கேள்வி அப்படியே நிக்குது.

பதில் கிடைச்சிருக்க வேண்டிய நேரம் முதல் சில மணி நேரம்தான். அன்னைக்குக் காலைல அந்த வீட்டுக்குள்ள அக்கம்பக்கம், சொந்தக்காரங்க, பத்திரிகைக்காரங்கன்னு கூட்டம் கூட்டமா போய் வந்தாங்க. கைரேகை, கால்தடம் எல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறிப்போச்சு. கேட்ல ஆளை நிறுத்தத் தெரிஞ்ச காலனியில, கொலை நடந்த அறை வாசல்ல ஒரு ஆளை நிறுத்தி வைக்க யாருக்கும் தோணலை.

2005-ல வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தோட மாதிரி விதிகள்படி காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி கொடுக்கணும். உங்க கேட்ல 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கிற அண்ணனுக்கு அது கிடைச்சதான்னு ஏஜென்சிகிட்ட எழுத்துல கேளுங்க. கேமரா பதிவு எத்தனை நாள்ல அழிஞ்சு மேல புதுசு ஏறுதுன்னு கேளுங்க. மொட்டை மாடிச் சாவி யார் யார்கிட்ட இருக்கு, அதுக்கு ரிஜிஸ்டர் இருக்கான்னு பாருங்க. அசம்பாவிதம் ஏதாவது நடந்துட்டா, அடிபட்டவங்களுக்கு உதவிட்டு எல்லாரும் வெளிய வாங்க. போலீஸ் வர்ற வரைக்கும் அந்த வீடு, படிக்கட்டு, மாடி மூணுக்கும் யாரையும் விடாதீங்க. கேமரா பதிவை அன்னைக்கே தனியா காப்பி எடுத்து வைங்க.