காற்றுக்கு எப்போது கதவு திறப்பது? வீட்டில் திராட்சை வைன் செய்தல்

வணக்கம் நேயர்களே. செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் முடியும்வரை, ரொறன்ரோவில் இத்தாலியரும் போர்த்துக்கேயரும் செறிந்து வாழும் பகுதிகளில், கலிபோர்னியாவிலிருந்து லொறியில் வந்த திராட்சைப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். சின்பண்டெல், அலிகாண்டே, கபர்னே என்று ஒவ்வொரு பெட்டியிலும் இனம் எழுதியிருக்கும். ஒரு பெட்டி 36 இறாத்தல். அவற்றை வாங்கிப்போய்க் கராஜில் வைன் செய்வது அந்தச் சமூகங்களில் தலைமுறை வழக்கம். அந்த வேலையை எப்படிச் சரியாகச் செய்வது என்பதே இன்றைய பேச்சு.

ஊரில் கள்ளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. காலையில் இறக்கிய கள்ளு பின்னேரத்துக்குள் பொங்கிப் புளிக்கிறது. அதையே காற்றுப்படக் கிழமைக்கணக்கில் விட்டால் வினாகிரியாகிவிடுகிறது. முதல் வேலையைச் செய்வது ஈஸ்ட். இரண்டாவது வேலையைச் செய்வது அசற்றிக் அமில பக்ரீரியா. ஈஸ்டுக்குக் காற்று தொடக்கத்தில் மட்டும் தேவை. அந்த பக்ரீரியாவுக்கு எப்போதும் தேவை. வைன் கெடுவது நுண்ணுயிர்களால் என்பதை 1860களிலேயே லூயி பாஸ்டர் காட்டிவிட்டார். இருந்தும் வீட்டு வைன் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான் கோட்டைவிடுகிறது: காற்றை விடவேண்டிய நேரத்தையும் அடைக்கவேண்டிய நேரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

வேலைக்குள் போகமுதல் இரண்டு விஷயம். கனடாவில் சொந்தப் பாவனைக்கு வைனும் பியரும் வீட்டில் செய்யலாம், விற்கக்கூடாது. காய்ச்சி வடிப்பது குற்றம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வைன் செய்வதும் குற்றம், ஆகவே அங்குள்ள உறவினருக்கு இந்தச் செய்முறையை அனுப்பவேண்டாம். அடுத்தது, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததைக் கேட்டவர்களுக்கு மெதனோல் என்ற நச்சு மதுசாரத்தின் பயம் இருக்கும். அங்கே உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலந்திருந்த மெதனோல். திராட்சைச் சாறு தானாகப் புளிக்கும்போது உண்டாகும் மெதனோல் மிகச் சொற்பம். கடையில் வாங்கும் வைனிலும் அதே அளவில் அது இருக்கிறது. நீங்கள் எதையும் காய்ச்சப்போவதில்லை, வெளியிலிருந்து எதையும் கலக்கப்போவதுமில்லை.

மூன்று பெட்டி வாங்குங்கள். கிட்டத்தட்ட 49 கிலோ. முடிவில் 28 லீற்றர் அளவு வைன் தேறும். ஒரு 23 லீற்றர் கார்போய், அதாவது ஒடுங்கிய கழுத்துள்ள பெரிய கண்ணாடிப் போத்தல், நிறைந்து, மேலதிகமாக நாலைந்து லீற்றர் கிடைக்கும். அந்த மேலதிகம் மிக முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். பூஞ்சணம் பிடித்த குலைகளை ஒதுக்கிவிட்டு, காம்புகளை நீக்கி, பழத்தை நசுக்குங்கள். காம்பு சேர்ந்தால் துவர்ப்பும் பச்சை வாசமும் வரும். பழம் உடையவேண்டும், விதை உடையக்கூடாது. விதைக்குள் இருப்பது கசப்பு. உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் தொட்டி 75 லீற்றர் கொள்வதாக இருக்கட்டும். கூழ் 45 லீற்றர் அளவில் வரும், அது பொங்கி எழ இடம் வேண்டும்.

பாத்திரங்களைக் குளோரின் கலந்த பிளீச்சால் கழுவவேண்டாம். அதில் கொஞ்சம் தங்கினாலும் வைனில் மருந்து வாடை ஏறும், பிறகு எடுக்கவே முடியாது. முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு, 4 லீற்றர் தண்ணீரில் 50 கிராம் பொட்டாசியம் மெற்றாபைசல்பைற் கரைத்து அதனால் அலசுங்கள். நுண்ணுயிர்களை அடக்கும் இந்தத் தூளைச் சுருக்கமாகச் சல்பைற் என்பார்கள். அந்தக் கரைசலின் ஆவி நெஞ்சைப் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவதே நல்லது.

கூழிலும் அதே மெற்றாபைசல்பைற்றில் 4 கிராமைக் கரைத்துக் கலந்து, ஒரு நாள் துணியால் மூடிவையுங்கள். தோலோடு வந்த காட்டு ஈஸ்டும் பக்ரீரியாவும் அடங்கிவிடும். இதைக் கண்மதிப்பில் போடாதீர்கள். கிராம் காட்டும் சின்னத் தராசு விலை அதிகமில்லை.

அடுத்த நாள் ஹைட்ரோமீற்றரால் சாற்றை அளவிடுங்கள். சாறு தண்ணீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் மிதக்கும் அளவி அது, சீனி கூடினால் எண்ணும் கூடும். 1.090 காட்டினால் நல்லது, அது 0.995க்கு இறங்கும்போது மதுசாரம் 12.5 சதவீதம் அளவில் இருக்கும். குறைவாக இருந்தால், லீற்றருக்கு 17 கிராம் சீனி ஏறத்தாழ ஒரு சதவீதத்தைக் கூட்டும். கலிபோர்னியப் பழத்தில் பெரும்பாலும் சிக்கல் மறுபக்கம்: இனிப்பு கூட, புளிப்பு குறைவு. 1.110 காட்டினால் ஈஸ்ட் கடைசியில் திணறும். அப்போது ஒரு லீற்றர் தண்ணீருக்கு 6 கிராம் என்ற அளவில், திராட்சையிலேயே உள்ள டார்டாரிக் அமிலத்தைக் கரைத்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் சேர்க்கலாம். வெறும் தண்ணீர் சேர்த்தால் இருக்கிற புளிப்பும் போய்விடும். அமிலத்தின் வலுவைக் காட்டும் pH எண் (குறையக் குறைய அமிலம் கூட) 3.4க்கும் 3.6க்கும் இடையில் நிற்பது சிவப்பு வைனுக்கு நல்லது. 3.8ஐத் தாண்டினால் சல்பைற் வலுவிழந்துவிடும், கெடுக்கும் பக்ரீரியாக்களுக்குக் கொண்டாட்டம்.

ஈஸ்ட் 5 கிராம் பைக்கற்றில் வரும். இந்த அளவுக்கு இரண்டு வேண்டும். பாண் ஈஸ்ட் வேண்டாம், அது மதுசாரம் ஏற ஏறத் தளர்ந்து, இனிப்பை மிச்சம் விட்டுவிடும். 100 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான நீரில், 35 முதல் 40 பாகை செல்சியஸில், கால் மணிநேரம் ஊறவிட்டு, கொஞ்சம் சாறு சேர்த்துச் சூட்டைத் தணித்துப் பிறகு ஊற்றுங்கள்.

இங்கேதான் காற்று நண்பன். முதல் இரண்டு மூன்று நாள் ஈஸ்ட் பெருகுவதற்கு ஒட்சிசன் வேண்டும். ஆகவே தொட்டியை இறுக்கி மூடாமல் துணியால் மட்டும் மூடுங்கள். தோல்கள் மேலெழுந்து தடித்த பாயாகப் படியும். காலை, மாலை, முடிந்தால் மதியமும் அதைச் சாற்றுக்குள் அமுக்கிக் கலக்குங்கள். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. ஒரு நாள் முழுக்க அமுக்காமல் விட்டால் பாயின் மேற்பகுதி காய்ந்து, வினாகிரி பக்ரீரியா அங்கே குடியேறும். அடிப்பகுதியில் வெப்பம் தேங்கும். 25 முதல் 30 பாகை சரி, 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த அளவு சாறு புளிக்கும்போது 1,500 லீற்றருக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளிவரும். அது காற்றைவிடப் பாரமானது. பேஸ்மென்ரில் தரையோடு தேங்கும். சின்ன மூடிய அறையில் வைக்காதீர்கள். தொட்டிக்குள் தலையைக் குனிந்து முகர்ந்து பார்க்கவும் கூடாது. யன்னல் திறந்திருக்கட்டும்.

மூன்றாம் நான்காம் நாளில் அழுகிய முட்டை வாடை வந்தால் ஈஸ்டுக்கு நைதரசன் போதவில்லை என்று அர்த்தம். அளவி 1.060க்கு வரும்போது, கடையில் ஈஸ்ட் உணவு என்று விற்கும் டைஅமோனியம் பொஸ்பேற்றில் 10 கிராம் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். வாடை அப்போதும் போகாவிட்டால், பிழிந்தபின் முதல் தடவை வடிக்கும்போது கொஞ்சம் தெறிக்கத் தெறிக்க ஊற்றுங்கள், காற்றோடு போய்விடும். இதை மாதக்கணக்கில் விட்டுவிட்டால், அந்த முட்டை வாடையைத் தரும் கந்தகம் வெங்காய வாடையாக மாறிவிடும். அதைக் காற்றாலும் போக்க முடியாது.

ஏழெட்டு நாளில் அளவி 1.010க்குக் கீழே இறங்கும். அப்போது பிழிந்து கார்போயில் ஊற்றி, உள்வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத எயர்லொக் மூடியைப் பூட்டுங்கள். இந்தக் கணத்திலிருந்து காற்று எதிரி. பொங்குவது தணியும்வரை கொஞ்சம் இடம் விடலாம். தணிந்தபின் வைன் மூடிக்கு இரண்டு விரல் கீழ்வரை நிறைந்திருக்கவேண்டும். மேலதிகமாகப் பிழிந்த நாலைந்து லீற்றர் இதற்குத்தான்: சின்னப் போத்தல்களில் நிரப்பி வைத்து, குறையும்போதெல்லாம் அதிலிருந்து ஊற்றுங்கள். கார்போயின் தோள்வரை மட்டும் வைனை விட்டு, எயர்லொக் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. எயர்லொக் புதிதாக வரும் காற்றைத் தடுக்குமே தவிர, உள்ளே ஏற்கெனவே நிற்கும் காற்றை என்ன செய்யும்? மேலே வெள்ளைப் படலம் படர்வது அதனால்தான்.

எயர்லொக்கில் குமிழி நின்றுவிட்டால் புளிப்பது முடிந்துவிட்டது என்றும் எண்ணவேண்டாம். குளிரில் ஈஸ்ட் தூங்கியிருக்கலாம். நவம்பரில் கராஜ் 10 பாகைக்கு இறங்கிவிடும், 1.005இல் வைன் நின்றுபோகும். வீட்டுக்குள் கொண்டுவந்து 20 பாகையில் வைத்தால் பெரும்பாலும் மீண்டும் கிளம்பும். மூன்று நாள் தொடர்ந்து 0.995 அளவில் நின்றால்தான் முடிந்தது. அதன்பின் பழத்தின் மலிக் அமிலம் பக்ரீரியாவால் லக்ரிக் அமிலமாக மாறும் இரண்டாம் மாற்றத்துக்கும் அந்த 20 பாகை வேண்டும். அது முடியும்வரை சல்பைற் போடக்கூடாது. பொறுமையில்லாமல் போத்தலில் அடைத்தால் அது போத்தலுக்குள் நடந்து, தக்கையைத் தள்ளும்.

எல்லாம் அடங்கியபின் அடிமண்டியை விட்டுச் சைபன் குழாயால் வடியுங்கள். குழாயின் நுனி புதுக் கார்போயின் அடியைத் தொடட்டும். முட்டை வாடையைப் போக்கவேண்டிய தேவை இல்லாவிட்டால், இப்போது தெறிக்கவே கூடாது. 23 லீற்றருக்குக் கால் தேக்கரண்டி மெற்றாபைசல்பைற். இனிக் கராஜின் குளிர் நல்லது: டார்டாரிக் உப்புப் பளிங்குகள் அடியில் படிந்து வைன் தெளியும். ஆனால் உறைய விடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடித்து அதே அளவு சல்பைற் சேர்த்தால் போதும். அடிக்கடி திறந்து சுவைபார்ப்பது நிரப்பிவைத்த பாடுகளையெல்லாம் வீணாக்கும்.

கோடையில் போத்தலில் அடைக்கலாம். 23 லீற்றருக்கு 750 மில்லிலீற்றர் போத்தல் 30. இனிப்பாக வேண்டுமென்று சீனி சேர்ப்பவர்கள் சல்பைற்றோடு, ஈஸ்ட் மீண்டும் பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சோர்பேற்றும் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் போத்தல் வெடிக்கும். ஆனால் லக்ரிக் மாற்றம் நடந்த வைனுக்குச் சோர்பேற் ஆகாது. ஜெரேனியம் இலை கசக்கிய வாடை வரும். கராஜ் சிவப்பு வைனை இனிப்பில்லாமலே விடுவதுதான் சரி. தக்கை அடித்தபின் மூன்று நாள் நிமிர்த்தி வையுங்கள், உள்ளே அமுங்கிய காற்று வெளியேறட்டும். அதன்பின் படுக்க வையுங்கள், தக்கை ஈரமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து முதல் போத்தலைத் திறக்கலாம். நன்றி, வணக்கம்.