மேடையிலிருந்து விழுந்த குதிரை

வணக்கம். போன மாதம் இதே இடத்தில், ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் நாவலை வைத்து எடுத்த 'அன்னா கரேனினா' படத்தைத் திரையிட்டோம். இடைவேளையில் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, “என்ன தம்பி, ரஷ்யாவைக் காட்டுவார்கள் என்று வந்தால் நாடகக் கொட்டகையைக் காட்டுகிறார்கள்?” என்று கேட்டார். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்று ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

2012இல் ஜோ ரைட் இயக்கிய படம் அது. திரைக்கதை டாம் ஸ்டாப்பர்ட், அன்னாவாக கீரா நைட்லி. ரஷ்யாவுக்கே போய் எடுக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. செலவு கட்டுப்படியாகவில்லை. அரண்மனை, பனி, வெங்காயக் கோபுரம் என்று மற்றவர்கள் எடுத்ததையே எடுக்க வேண்டுமா என்ற சலிப்பும் இயக்குநருக்கு. கடைசியில் இங்கிலாந்தில், ஷெப்பர்டன் ஸ்டூடியோவில், பாழடைந்த நாடக அரங்கு ஒன்றைக் கட்டிப் பெரும்பகுதிக் கதையை அதற்குள்ளேயே நடத்திவிட்டார். விருந்து, அலுவலகம், ரயில் நிலையம் எல்லாம் அங்கேதான். சிக்கனத்துக்குச் செய்த வேலை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நாவலுக்குள்ளேயே அந்தக் கொட்டகை இருக்கிறது; ஊர் பார்க்க எல்லோரும் வேஷம் போடுகிறார்கள்.

டால்ஸ்டாயின் இந்த நாவல் 1875இல் பத்திரிகைத் தொடராக வரத் தொடங்கியது. கதை தொடங்கும்போது கள்ள உறவில் மாட்டிக்கொண்டு நிற்பவன் அன்னாவின் அண்ணன் ஸ்டீவா. குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த பிரெஞ்சுக்காரப் பெண்ணோடு பழகி மனைவியிடம் அகப்பட்டுவிட்டான். சமாதானம் செய்து வைக்கத்தான் அன்னா ரயிலேறி மாஸ்கோ வருகிறாள். செய்தும் வைக்கிறாள். அவன் வேலைக்கும் ஆபத்தில்லை, விருந்துக்கும் குறைவில்லை. பெட்ஸி சீமாட்டிக்கும் காதலன் உண்டு, அது ஊருக்கே தெரியும்; அவள் வீட்டில் கூட்டம் குறைந்ததா? கணவர் இருக்க, விரோன்ஸ்கி என்ற இளம் ராணுவ அதிகாரியை அன்னா காதலித்ததைப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். மறைக்க மாட்டேன் என்றாளே, அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. படத்தில் ஒரு சீமாட்டி சொல்வாள்: சட்டத்தை மீறியிருந்தால்கூட அவளைப் போய்ப் பார்த்திருப்பேன், முறையையல்லவா மீறிவிட்டாள் என்று.

குதிரைப் பந்தயத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். குதிரைகள் மேடையின் குறுக்கே பாய்கின்றன. அன்னா கையில் விசிறி. அது படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தத்தோடு குளம்படிச் சத்தமும் கலந்து, எது எதுவென்றே தெரிவதில்லை. கணவர் கரேனின் பந்தயத்தைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இது டால்ஸ்டாய் எழுதியதேதான். விரோன்ஸ்கியின் குதிரை ஃப்ரூ ஃப்ரூ, மேடையிலிருந்தே கீழே விழுகிறது. அன்னா அலறுகிறாள். அவ்வளவுதான், எல்லாக் கண்களும் அவள் பக்கம் திரும்பிவிடுகின்றன. அங்கே குதிரை செத்துக்கொண்டிருக்கிறது, அதை யார் பார்த்தார்கள்? நாவலில் கரேனின் மூன்று முறை கையை நீட்டி, போகலாம் வா என்கிறார். அவள் அழுவது ஊருக்குத் தெரியாதபடி முன்னால் நின்று மறைக்கிறார். நிஜ மைதானத்தில் எடுத்திருந்தால் பந்தயம் இன்னும் நன்றாக வந்திருக்கும். இந்தக் கண்கள் வந்திருக்காது.

கரேனினாக வரும் ஜூட் லாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவரை வில்லனாக்கவில்லை. அன்றைய ரஷ்யாவில் விவாகரத்து திருச்சபையின் கையில் இருந்தது. கள்ள உறவுக்குச் சாட்சி வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பானவர் மறுமணம் செய்துகொள்ள முடியாது. நாவலில் கரேனின் வக்கீலைப் பார்க்கப் போகும் அத்தியாயத்தைப் படியுங்கள். இவர் மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறார். வக்கீலோ பறக்கும் அந்துப்பூச்சியை எட்டிப் பிடிக்கிறார், நாற்காலிகளுக்கு வெல்வெட் உறை போடுவது பற்றி யோசிக்கிறார்!

உடைகளுக்காக ஜாக்குலின் துரான் ஆஸ்கர் வாங்கினார். 1870களின் பாவாடைக்கு மேல் 1950களின் தையல். சரித்திரப்படி தப்புதான், எனக்கு உறுத்தவில்லை. விரோன்ஸ்கிதான் உறுத்தினார், மீசை ஒட்டிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி. நம்மூரிலும் 1953இல் டி. ஆர். ராஜகுமாரி, நாகையா, எம்.ஜி.ஆர். நடித்து 'பணக்காரி' என்று இந்தக் கதை படமாக வந்தது. அதைக் கொட்டகையில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அப்புறம் என்னிடம் பேசுங்கள்.

பெரிய குறை, கிராமத்தில் தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழும் பண்ணையார் லெவின். நாவலில் ஏறக்குறைய பாதி அவனுடையது. அவன் மட்டும் மேடையின் பின்கதவு வழியாக நிஜப் பனிவெளிக்குள் நடந்து போகிறான். அற்புதமான யோசனை. ஆனால் குடியானவர்களோடு சேர்ந்து அவன் புல்லறுக்கும் அந்த நீண்ட பகலுக்குப் படத்தில் போதிய நேரமில்லை.

சரி, கடைசிக் காட்சிக்கு வருகிறேன். அன்னா இப்போது உயிரோடு இல்லை. கரேனின் பூக்கள் நிறைந்த புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மகனும், அன்னாவுக்கும் விரோன்ஸ்கிக்கும் பிறந்த பெண் குழந்தையும் விளையாடுகிறார்கள். இரண்டு பேரையும் அவர்தான் வளர்க்கிறார். கேமரா பின்னால் நகர நகர, அந்தப் புல்லும் பூவும் பழைய நாடக அரங்கு முழுவதும் மண்டிக் கிடப்பது தெரிகிறது. பார்க்க ஒருவரும் இல்லை.