பதினொன்றாவது ஸ்லைடில் மாட்டிய பதினாறு

வணக்கம் மக்களே. இன்று குரல் கொஞ்சம் கரகரவென்றுதான் இருக்கும். நேற்றுக் காலை மொட்டை மாடியில் நான் போட்ட சத்தம் அப்படி. எதிர்வீட்டு அண்ணன் பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து, கம்போடு மாடி ஏறி வந்துவிட்டார். பாம்பு இல்லை அண்ணா, குரோமோசோம், செல்லுக்குள் பண்புகளைச் சுமக்கிற நூல் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

போன மாதம் மைக்ராஸ்கோப் வாங்கிய வீடியோ பார்த்தவர்களுக்கு முன்கதை தெரியும். மூடிப்போன ஏதோ ஒரு டுட்டோரியலில் இருந்து பழைய சாமான் கடைக்கு வந்தது, 3,500 சொன்னார், 2,600க்கு முடித்தேன், அதை மறுபடி ஆரம்பித்தால் நீங்களே எழுந்து போய்விடுவீர்கள். பல்பு கிடையாது, அடியில் ஒரு கண்ணாடி மட்டும், அதைத் திருப்பி வெளிச்சம் பிடிக்க வேண்டும். அதனால்தான் மாடிக்குப் போனது. சூரியனை நேராகக் கண்ணாடியில் பிடிக்கவே கூடாது, கண் போய்விடும். நான் வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டிச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

எதற்காக வாங்கினேன் என்று அந்த வீடியோவில் சொல்லவே இல்லையாம், கமெண்டில் திட்டியிருந்தீர்கள். அக்கா பையனுக்காகத்தான். பத்தாவது படிக்கிறான், ஸ்டேட் போர்டு. செல் பகுப்பு நிலைகள் என்னடா என்று கேட்டால் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று ஒரே மூச்சில் சொல்கிறான். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி" என்று கூவுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த ஊர்களையாவது இறங்கிப் பார்த்திருக்கிறான். அனாஃபேஸ் எப்படி இருக்கும் என்று கேட்டால் "படத்தில் இருக்கிறது சித்தி" என்கிறான். எனக்கு இந்தப் பதில் சுத்தமாகப் பிடிக்காது. நானும் விலங்கியல் டிகிரி முடித்தவள்தான், மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அனாஃபேஸை என் கண்ணால் பார்த்ததில்லை, ரெக்கார்டு நோட்டில் பக்கத்துப் பெண் வரைந்ததைப் பார்த்து வரைந்தேன். அந்தக் கோபமும் இதில் சேர்ந்துகொண்டது.

சரி, வெங்காயத்துக்கு வருகிறேன். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கால் கிலோ சின்ன வெங்காயம். அடியில் காய்ந்து கிடக்கும் பழைய வேரைச் சுரண்டிவிட்டு, டம்ளர் தண்ணீரில் அடிப்பாகம் மட்டும் தொடுகிற மாதிரி உட்கார வைக்க வேண்டும். முதல் தடவை முழுசாக முங்கவிட்டேன், இரண்டாம் நாள் வீடு முழுக்க நாற்றம், அம்மா டம்ளரோடு தூக்கி எறிந்துவிட்டார். அடுத்த தடவை மூன்று நாளில் வெள்ளை வெளேரென்று வேர் விட்டது. காலை எட்டரைக்கு நுனியை வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் ஆசிட், மூன்று பங்கு ஆல்கஹால் கலந்ததில் ஒரு நாள் ஊறவைத்தேன். அப்படியே செல் உறைந்து நின்றுவிடும், யார் எந்த நிலையில் இருந்தார்களோ அந்த நிலையிலேயே.

அப்புறம் சாயம். அசிட்டோகார்மைன். நம் பக்கம் கிடைக்கவில்லை, சேலத்தில் இருந்து மாமா வாங்கி வந்தார், 180 ரூபாய். இல்லை, இருங்கள், 180 என்பது ஸ்லைடு டப்பா. சாயம் 260. இந்தச் சாயத்தில் இருக்கிற கார்மைன் எதிலிருந்து வருகிறது தெரியுமா? சப்பாத்திக்கள்ளி வகையில் ஒட்டி வாழ்கிற ஒரு சின்னப் பூச்சியிலிருந்து. நம் ஊர்க் கரட்டில் கள்ளி இல்லாத இடம் ஏது, ஆனால் போய்ப் பூச்சி தேடாதீர்கள், சாயத்துக்கு வளர்ப்பது வேறு இனம்.

இப்போது ஒரு புலம்பல். வேர் நுனியை ஸ்லைடில் வைத்து, மேலே மூடுகிற மெல்லிய கண்ணாடிச் சில்லு இருக்கிறதே, கவர்ஸ்லிப், டப்பாவின் மேல் 100 என்று போட்டிருந்தது. எனக்கு என்னவோ சந்தேகம், டப்பா லொடலொடவென்று ஆடியது. செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக எண்ணினேன். 91. ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நகத்தால் பிரித்துப் பிரித்து மறுபடி எண்ணினேன். 91தான். ஒன்பது கவர்ஸ்லிப் என்ன பெரிய காசு என்று கேட்பீர்கள். காசு இல்லை மக்களே, 100 என்று அச்சடித்துவிட்டு 91 வைக்கிற அந்தத் தைரியம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கடையில் கேட்டால் "மறுபடி எண்ணிப் பாருங்கம்மா" என்கிறார்.

முதல் ஸ்லைடு தடிமனாக இருந்தது, ஒரே சிவப்பு இருட்டு. மூன்றும் நாலும் காற்றுக் குமிழி, அதைக் கருமையான செல் என்று நினைத்துக் கால் மணி நேரம் ஃபோகஸ் பண்ணியிருக்கிறேன். ஆறாவதில் கட்டை விரலால் அழுத்தும்போது கவர்ஸ்லிப் படக்கென்று உடைந்தது, ஆக 91 என்பது 90. எட்டும் ஒன்பதும்தான் என்னை அழ வைத்தவை. செல்கள் அழகாக, நீள நீளமாக, செங்கல் அடுக்கினது போல இருந்தன, ஆனால் ஒன்றுகூடப் பிரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, நான் வேரை மேலே தள்ளி வெட்டியிருக்கிறேன். பிரிவதெல்லாம் கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நுனியில்தான், அதற்கு மேலே இருக்கிற செல்கள் பிரிவதை முடித்துவிட்டு நீளுகிற வேலைக்குப் போய்விட்டன. இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன்.

பதினொன்றாவது ஸ்லைடு. ஒரு வட்டத்துக்குள் தெரிந்ததை எண்ணினேன், 112 செல். அதில் பிரிந்துகொண்டிருந்தது ஒன்பதே ஒன்பது. மீதி எல்லாம் சும்மா உருண்டை உட்கருவோடு உட்கார்ந்திருக்கின்றன. சும்மா என்று சொல்லக் கூடாது, அந்த நேரத்தில்தான் டிஎன்ஏவை நகலெடுக்கிறது, அதற்குப் பெயர் இடைநிலை, இன்டர்ஃபேஸ். புத்தகப் படத்தில் நாலு நிலையும் ஒரே அளவில் வரிசையாக நிற்பதால் செல் எப்போதும் பிரிந்துகொண்டே இருக்கும் போலத் தோன்றும். உண்மையில் தேடித் தேடிக் கண்ணே வலித்துவிட்டது.

அப்போதுதான் ஓரத்தில் அது தெரிந்தது. ஒரே செல்லுக்குள் இரண்டு வாழைச் சீப்பு, காம்புப் பக்கம் இரண்டும் ஆளுக்கொரு ஓரமாகப் போகிறது, விரல்கள் மட்டும் நடுவைப் பார்த்து நீண்டுகொண்டிருக்கின்றன. அனாஃபேஸ்! காம்பு இருக்கிற இடத்தில்தான் சென்ட்ரோமியர், அதைப் பிடித்துத்தான் கதிர் இழைகள் இழுக்கின்றன, அதனால்தான் கைகள் பின்தங்கி வருகின்றன. பாம்பு கதை நடந்தது இந்த இடத்தில்தான்.

கத்தி முடித்துவிட்டு எண்ணினேன். அனாஃபேஸை விட்டுவிட்டு, பக்கத்தில் நசுங்கிப் பரவிக் கிடந்த ஒரு செல்லில். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம். எனக்கு முதலில் 13 வந்தது. அப்புறம் 15. அப்புறம் 17, கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி 15. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் எப்படி எண்ணுவது? ஃபோகஸ் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருகி, காகிதத்தில் ஒவ்வொன்றாக வரைந்து எண்ணி, கடைசியில் 16. அந்தக் காகிதம் இதோ, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

எண்ணத் தெரியாதவள் என்று சிரிக்காதீர்கள். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று 1923இல் பெயின்டர் என்ற விஞ்ஞானி சொன்னார், அதையே முப்பது வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் போட்டார்கள். 1956இல்தான் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ, ஸ்வீடன்காரர் ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து, 46 என்று எழுதினார். 48 என்று அச்சடித்து 46 வைத்திருந்த டப்பா! அவர்களும் நம்மைப் போலச் செல்லை நசுக்கித்தான் பார்த்தார்கள். அதற்கு முன்னால் செல்லை உப்பவைத்து, கோல்ச்சிசின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது கதிர் இழைகளை உருவாகவிடாது, அதனால் செல் பாதியில் நின்றுவிடும், குரோமோசோம் தனித்தனியாகத் தெரியும். இந்தக் கோல்ச்சிசின் நம் மாநில மலர் செங்காந்தளிலேயே இருக்கிறது, வேலியில் ஏறுகிற கண்வலிக்கிழங்கு. கடும் விஷம், கிழங்கை யாரும் தொட்டு விளையாட வேண்டாம், நானும் தொடவில்லை.

மாலை பையன் வந்தான். பார்த்தான். "வாழைப்பழம் மாதிரி இருக்கு சித்தி" என்றான், நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை! அப்புறம் அவனே கேட்டான், பிரிகிற இரண்டு செல்லுக்கும் ஒரே செட் போகிறது, இது அப்படியே நகல்தான் என்றால் மாமரம் ஏன் அப்படி வரவில்லை என்று.

எந்த மாமரம் என்று உங்களுக்குத் தெரியும், ஊறுகாய் வீடியோவில் வருமே, அந்தப் புளிப்பு மரம். அப்பா பதினாலு வருடம் முன்னால் நல்ல மல்கோவா ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைப் போட்டார். காய்த்ததோ பல் கூசுகிற புளிப்பும் நாரும். மண் சரியில்லை என்று இன்றுவரை சொல்கிறார். ஆனால் பத்தடி தள்ளி அதே மண்ணில், சந்தூரில் வாங்கிய செந்தூரா ஒட்டுக்கன்று தேனாகக் காய்க்கிறது. ஒட்டு என்பது தாய் மரத்துக் கொம்பை வெட்டி, கொட்டையில் முளைத்த கன்றின் மேல் கட்டுவது. அந்தக் கொம்பு வளர்வது முழுக்க மைட்டாசிஸ், வெங்காய வேரில் பார்த்த அதே வேலை, நகலுக்கு மேல் நகல். கொட்டை அப்படி இல்லை. பூவில் மியாசிஸ் நடக்கிறது, மாமரத்தின் 40 குரோமோசோம் பாதியாகி 20 ஆகிறது, ஒவ்வொரு ஜோடியிலும் எது போகும் என்பது சீட்டுக் குலுக்கல். 20 ஜோடிக்கு 10,48,576 விதம். மகரந்தம் தருகிற மரத்துக்கும் அதே அளவு, இரண்டையும் பெருக்கினால் ஒரு லட்சம் கோடிக்கு மேல். ஈ எந்தத் தோட்டத்துப் பெங்களூரா மகரந்தத்தைக் கொண்டுவந்து அந்த மல்கோவாப் பூவில் தேய்த்ததோ, யார் கண்டது.

ஒன்று விட்டுவிட்டேன். கேரளக் கரையோர ரகங்கள் சிலவற்றில் ஒரே கொட்டையில் நாலைந்து முளை வரும், அதில் பல தாயின் அச்சு நகல். மல்கோவா அந்த ஜாதி இல்லை.

பட்டாணிச் செடியில் மரபு விதி கண்ட மெண்டல் விஷயத்தில் பையனுக்கு இருந்த குழப்பமும் இந்தக் குலுக்கல்தான். 3:1 என்றால் நாலு செடி நட்டால் மூன்று நெட்டை, ஒன்று குட்டை என்று சத்தியம் பண்ணுகிறான். மெண்டலுக்கே வந்தது 787 நெட்டை, 277 குட்டை, வகுத்துப் பார்த்தால் 2.84. அவரும் சுமார் 28,000 பட்டாணிச் செடி எண்ணின மனுஷன், இந்த எண்ணுகிற ஜாதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டு தடவை தேறாதவர் என்பதையும் சொன்னேன், டெட் எழுதிக்கொண்டிருக்கிற என் நாத்தனாருக்கு அது ரொம்ப ஆறுதல்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், மரபியல் ஒரு பாடம், பரிணாமம் அடுத்த பாடம், இரண்டுக்கும் நடுவில் பெரிய சுவர். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமத்தையே எடுத்துவிட்டார்கள், வெறும் மரபு மட்டும் நிற்கிறது. டார்வின் 1859இல் இயற்கைத் தேர்வு பற்றிப் புத்தகம் போட்டார், ஆனால் பண்புகள் பிள்ளைக்கு எப்படிப் போகின்றன என்பது அவருக்கு விளங்கவில்லை. டிகாஷனும் பாலும் போல இரண்டு பக்கமும் கலந்துவிடும் என்றால் நாலு தலைமுறையில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும், இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும்? மெண்டலின் குட்டைச் செடி முதல் தலைமுறையில் காணாமல் போய் இரண்டாவதில் அப்படியே திரும்பி வந்தது, கலக்கவில்லை, ஒளிந்திருந்தது. மெண்டலின் கட்டுரை 1866இல் அச்சில் வந்தது, 1900 வரை யாரும் கண்டுகொள்ளவில்லை, அதற்குள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பையனிடம் சொன்னேன், நம் புளிப்பு மரம்தான்டா டார்வினுக்கு வேண்டிய சரக்கு. ஒட்டுக்கன்றில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை, எல்லாம் ஒரே ஆள். கொட்டைக் கன்றில்தான் ஆயிரம் விதம் வரும், அதில் தாங்குவது நிற்கும். செந்தூராவும் என்றைக்கோ ஒரு கொட்டையில் முளைத்துத்தானே வந்திருக்கும்.

இதை எல்லாம் அப்பாவிடமும் உட்கார்ந்து விளக்கினேன், குலுக்கல் கணக்கோடு. பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிம்மா, ஒரு வண்டி எரு அடித்திருந்தால் இனித்திருக்கும்" என்றார்.

ஸ்லைடு ஓரத்தில் நெயில் பாலிஷ் தடவி மூடியிருக்கிறேன், எத்தனை நாள் நிற்கும் என்று பார்ப்போம். நேரில் பார்க்க வருகிறவர்கள் பத்து மணிக்குள் வாருங்கள், அதற்கப்புறம் தொட்டிச் சுவரில் நிழல் விழுந்துவிடும். அப்புறம் அந்தக் கவர்ஸ்லிப் டப்பா, அந்த ஆறாவது ஸ்லைடுக்கு அப்புறம் நேற்றைக்கு இன்னும் உடைந்தது இரண்டு, இன்று காலை துடைக்கும்போது ஒன்று. இப்போது 87. வீடியோ ஆதாரத்தோடு நாளைக்குக் கடைக்குப் போகிறேன்.