சூரத் தானியைத் தாண்டினால் ஒரு தாய்லாந்து

(காட்சி: விடியும் நேரம். ரயில் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் தோட்டங்கள், தென்னை, ஈரமான மண்.)

பாங்காக்கிலிருந்து தெற்கே போகும் இரவு ரயிலில் ஏறியவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். சூரத் தானி வந்ததும் பெரிய முதுகுப்பையோடு வந்த வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் இறங்கிவிடுவார்கள். கோ சமூய், கோ பங்கன் தீவுகளுக்குப் படகு பிடிக்க வேண்டுமே! அதற்கப்புறம் பெட்டியில் இருப்பவர்கள் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள். வண்டி இன்னும் தெற்கே போய், காவ் சும் தோங் என்ற சந்திப்பில் கிளைப்பாதையில் திரும்பும். அங்கிருந்து 35 கிலோமீட்டர். கடைசி நிலையம் நகோன் சி தம்மராட்.

இந்த வீடியோவில் அந்த ஊருக்குத்தான் போகிறோம்.

பட்டாயாவிலும் புக்கெட்டிலும் இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு மணி நேரம் நடனம் காட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது நமக்காகப் போட்ட மேடை. நகோனில் நீங்கள் பார்ப்பதெல்லாம் ஊர்க்காரர்கள் தங்கள் கோயிலுக்காகவும் செத்துப்போன பாட்டன் பாட்டிக்காகவும் செய்துகொள்வது. நாம் ஓரமாக நின்று பார்க்கலாம். கூப்பிட்டால் கூடச் சேரலாம். தாய் மக்களின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் இதுதான்.

(காட்சி: ஊரின் பெயர்ப்பலகை. பிறகு பழைய மதில்.)

பெயரை ஒருமுறை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். நகர ஸ்ரீ தர்மராஜா. அதுதான் தாய் நாக்கில் நகோன் சி தம்மராட் ஆகியிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக ‘கோன்’ என்பார்கள். அதற்கும் முந்தைய பெயர் தாம்பரலிங்கம். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் கடல் கடந்து வென்ற இடங்களில் மாதமாலிங்கம் என்று ஒன்றைச் சொல்கிறது. அது இந்த ஊர்தான் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதே பட்டியலில் வரும் தலைத்தக்கோலத்தை, இங்கிருந்து மேற்குக் கரைப் பக்கம் இருக்கும் தகுவா பா என்ற ஊரோடு சேர்த்துப் பேசுவார்கள். அங்கே 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளம் வெட்டியதையும், அது மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினர் முதலானோரின் காவலில் இருந்ததையும் சொல்லும் கல்வெட்டு. வியாபாரத்துக்குப் போன நம் ஆட்கள் அங்கே குளம் வெட்டும் அளவுக்குத் தங்கியிருக்கிறார்கள்!

ஊருக்குள் நடந்தால் எதிரெதிரே இரண்டு சின்னக் கோயில்கள். ஒன்று ஈசுவரனுக்கு, தாய் மொழியில் ஹோ ப்ரா இசுவன். இன்னொன்று நாராயணனுக்கு. ஈசுவரன் கோயில் பக்கத்தில் ஒரு ஊஞ்சல் கம்பம் நிற்கும். பாங்காக்கின் பெரிய ஊஞ்சலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், இது அதன் தம்பி. பாங்காக்கில் ஊஞ்சல் ஆடும் சடங்கை 1935-ஓடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த விழாவின் பெயர் த்ரியம்பவாய், நம் திருவெம்பாவை. மார்கழியில் விடியற்காலையில் பாடி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் உடம்பு சிலிர்க்கும்.

(காட்சி: வாட் ப்ரா மஹாதாட். வெள்ளை மணி வடிவத் தூபி, உச்சியில் பொன்.)

ஊரின் உயிர் இந்தத் தூபி. இலங்கைத் தூபிகளின் சாயல் அப்படியே தெரியும். தேரவாத பௌத்தம் இலங்கையிலிருந்து வந்த தடம் அது. மாக பூஜை, அதாவது பிப்ரவரி மார்ச்சில் வரும் பௌர்ணமியன்று வந்தீர்களானால், ஒரு தெரு நீளத்துக்குத் துணியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஜனங்கள் ஊர்வலமாக வருவதைப் பார்க்கலாம். அந்தத் துணியைத் தூபியைச் சுற்றிக் கட்டுவார்கள். புத்தர் கதை எழுதிய துணி ஒன்றை இலங்கைக்குக் கொண்டுபோன கப்பல் உடைந்து, துணி மட்டும் இந்தக் கரையில் ஒதுங்கியது, அதை ராஜா இந்தத் தூபிக்கே சாத்தச் சொன்னார் என்று ஒரு கதை. துணியின் ஓரத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். நீங்களும் பிடியுங்கள்.

(காட்சி: அடுப்பு. அகலமான இரும்புச் சட்டி. ஒரு பெண்ணின் கை.)

என்னைக் கேட்டால், வருவதற்கு இன்னும் நல்ல நேரம் ஒன்று உண்டு. தாய்ச் சந்திர மாதக் கணக்கில் பத்தாவது மாதத் தேய்பிறை. செப்டம்பர், அக்டோபரில் வரும். நம் மகாளய பட்சமும் அதே சமயத்தில்தான். அந்தப் பதினைந்து நாளும் செத்துப்போனவர்கள் உறவுகளைப் பார்க்க வருகிறார்கள் என்பது நம்பிக்கை. பாவம் செய்தவர்கள் பிரேதமாக அலைவார்கள், அவர்களுடைய வாய் ஊசித்துளை அளவுதான் இருக்குமாம். அப்படியென்றால் அவர்களுக்கு எதைச் சாப்பிடக் கொடுப்பது?

அதற்குத்தான் கனோம் லா. அரிசி மாவையும் சர்க்கரையையும் இளக்கமாகக் கரைத்துக்கொள்கிறார்கள். அடியில் நிறையப் பொடித் துளைகள் போட்ட சிரட்டையிலோ தகரக் குவளையிலோ அதை ஊற்றி, எண்ணெயும் முட்டைக் கருவும் தடவிய சட்டிக்குமேல் வட்டம் வட்டமாகச் சுழற்றுகிறார்கள். கை ஒரு கணம் தயங்கினாலும் நூல் தடித்துவிடும். வெந்ததும் சிலந்தி வலையைப் போல மெல்லிசாக எழும்புவதை மடித்து எடுத்து வைப்பார்கள். இடியாப்பம் இதன் பக்கத்தில் கயிறு மாதிரி இருக்கும். இது பிரேதத்துக்குச் சாப்பாடு, உடுத்திக்கொள்ளத் துணியும் இதுவே. கூடவே இன்னும் நான்கு பலகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு பொருளுக்குப் பதிலாக: கடக்க ஒரு படகு, செலவுக்குக் காசு, போட்டுக்கொள்ள நகை, விளையாடக் காய். போனவர்களுக்கு விளையாட்டுக்கும் சேர்த்து யோசித்த ஊர் இது. பாக் பனாங் பக்கக் கிராமங்களில் கனோம் லாவைக் கைவேலையாகவே செய்கிறார்கள்.

கோயிலில் படையல் முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து பலகாரங்களைப் பறிப்பார்கள். யாரும் திட்ட மாட்டார்கள், அதைச் சாப்பிட்டால் புண்ணியம்.

(காட்சி: காலைச் சந்தை.)

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. காலையில் கனோம் சீன் கேளுங்கள். புளிக்கவைத்த அரிசி நூடுல்ஸ், மேலே குழம்பு. பக்கத்திலேயே ஒரு தட்டு நிறையப் பச்சைக் காய், இலைதழை. காரம் நமக்குப் பழகியதுதான். ஆனால் கேங் தாய் ப்லா என்ற மீன்குடல் குழம்பைக் கொஞ்சமாக எடுத்து ஆரம்பியுங்கள்.

(காட்சி: மலையடிவாரம், ஓடை, கொடியில் காயும் துணிகள்.)

இரண்டு நாள் கையில் இருந்தால் கிரிவோங் கிராமத்துக்குப் போங்கள். காவ் லுவாங் மலையடிவாரம். நகரத்திலிருந்து சோங்தேவ், அதாவது பின்னால் இரண்டு வரிசைப் பெஞ்சு போட்ட வண்டி போகும். மங்குஸ்தான், டுரியான், மலைக்காய்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வளரும் தோட்டங்கள். மங்குஸ்தான் இலையிலும் பலாக்கட்டையிலும் துணிக்குச் சாயம் போடுகிறார்கள். 1988 நவம்பரில் மலை சரிந்து வெள்ளம் வந்து இந்தப் பகுதி பலத்த அடி வாங்கியது. மறுவருடமே தாய்லாந்து அரசு நாடு முழுவதும் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை போட்டது. வீடுகளிலேயே தங்கலாம். நவம்பர், டிசம்பரில் மட்டும் வேண்டாம், வளைகுடாப் பக்கம் கொட்டித் தீர்க்கும்.

போகும் வீட்டில் செருப்பை வெளியே விடுங்கள், காலை யார் பக்கமும் நீட்டாதீர்கள், குழந்தையானாலும் தலையைத் தொடாதீர்கள். பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது. ‘கின் காவ் ரு யங்’ என்று யாராவது கேட்டால் பதறாதீர்கள். ‘சாப்டாச்சா’ என்று நாம் கேட்பதைத்தான் அவர்களும் கேட்கிறார்கள்.

(காட்சி: இருட்டு. வெள்ளைத் திரை. பின்னால் ஒரே ஒரு விளக்கு.)

கடைசியாக நாங் தலுங், தெற்குத் தாய்லாந்தின் தோல்பாவைக்கூத்து. கோயில் திருவிழாக்களிலும் நேர்த்திக்கடனுக்கும் போடுவார்கள். அந்த நாளில் அமையாவிட்டால், தேசியக் கலைஞராக இருந்த சுசார்ட் சப்சினின் வீட்டுக் காட்சியகத்துக்குப் போங்கள். பதப்படுத்திய மாட்டுத்தோலில் சிற்றுளி வைத்துப் புள்ளி புள்ளியாகத் துளை போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். சின்னக் கூத்தும் நடத்திக் காட்டுவார்கள்.

கூத்து தொடங்கும்போது முதலில் ஒரு ரிஷி வருவார். அடுத்து காளைமேல் ஈசுவரன். பாவையை ஆட்டுகிறவர் ஒரே ஆள், எல்லாக் குரலும் அவருடையது. ராஜாவும் ராணியும் பாங்காக் தாய் பேசுவார்கள். கோமாளிகள் வாய் திறந்தால் சுத்தத் தெற்கு வட்டார வழக்கு, கூட்டம் அவர்களுக்காகத்தான் காத்திருக்கும். நம் ஊர்ப் பாவைக்கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஞாபகம் வராமல் போக மாட்டார்கள். இங்கே அவர்களின் பெயர் தேங், நூ நுய். தாடை தனியாக அசையும். மொழி ஒரு சொல் தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நூ நுய்யின் கையை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.

(காட்சி: திரையில் கறுப்பு நிழல் அருகே வருகிறது. கையில் ஒரு பாக்குவெட்டி.)