ஊட்டி உயரத்தில் கைக்குழந்தைக்கு மயக்க மருந்து: அந்த ஒன்றரை நிமிடம்

[காட்சி: கல்லாறு மலைப்பாதை. கார் சீட்டில் ஒரு சிப்ஸ் பாக்கெட்.]

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், 14 கொண்டை ஊசி வளைவு ஏறிக் குன்னூர் வருவதற்குள் உப்பிப்போயிருக்கும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால்தான் அப்படி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம், ஆனால் ஒரு மூச்சில் உள்ளே போவது குறைவு.

[காட்சி: ஆபரேஷன் தியேட்டர்.]

சரி, நான்கு மாதக் குழந்தைக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் போனதும் மூச்சு நிற்கும். தொண்டைக்குள் டியூப் போகும்வரை, நுரையீரலில் இருக்கும் ஆக்ஸிஜன்தான் கையிருப்பு. சமவெளியில், முன்கூட்டியே ஆக்ஸிஜன் கொடுத்த ஆரோக்கியமான பெரியவருக்கு அது 6 நிமிடத்துக்கு மேலும் தாங்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சுமார் ஒன்றரை நிமிடம்.

பெரியவர் கிலோவுக்கு நிமிடத்துக்கு 3, 4 மில்லி ஆக்ஸிஜன் செலவழித்தால் குழந்தை 6 முதல் 8 மில்லி செலவழிக்கிறது. நெஞ்சுக்கூடும் மெத்தென்றிருப்பதால் மயக்கத்தில் நுரையீரல் சுருங்கிவிடும். மலையில் இன்னொன்றும் சேர்கிறது: மாஸ்க்கில் சுத்த ஆக்ஸிஜனே கொடுத்தாலும், அழுத்தம் குறைவு என்பதால் சேமிப்பும் முக்கால் பங்குக்குள் நின்றுவிடும்.

அதனால்தான் டியூப் போடுவதற்கு முன்பு செய்யும் வேலைக்கு இத்தனை மதிப்பு. குழந்தையின் பின்தலை பெரிது, கழுத்து மடங்கும். தோளுக்கடியில் சின்னத் துணிச்சுருள் வைத்தால் மூச்சுப்பாதை திறக்கும். மாஸ்க்கில் 100 சதவீத ஆக்ஸிஜன். மருந்து வேலை செய்யும்வரை சும்மா காத்திருக்காமல், மாஸ்க் வழியே மெதுவாக மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மாஸ்க்கோடு சேர்ந்த காற்றுப் பையை அழுத்தி அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போய், உதரவிதானத்தை மேலே தள்ளும்.

டியூப் போடும் நேரத்திலும் மூக்கு வழியே ஆக்ஸிஜன் ஓடட்டும். பச்சிளங்குழந்தைகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், மூக்கு வழியே வேகமாக ஆக்ஸிஜன் கொடுத்தபோது, ஆக்ஸிஜன் அளவோ இதயத்துடிப்போ சரியாமல் முதல் முயற்சியிலேயே டியூப் போட முடிந்தது 50 சதவீதம், கொடுக்காதபோது 31.5. அது தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்தது, தியேட்டரில் அல்ல. ஆனாலும் எனக்கு இது பெரிய வித்தியாசமாகவே படுகிறது.

[காட்சி: பல்ஸ் ஆக்ஸிமீட்டர் திரை.]

திரையில் தெரியும் ரத்த ஆக்ஸிஜன் சதவீதம் சில நொடி பழையது. 93, 92 என்று இறங்கும்போதே தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை வெளியே எடுத்துவிட்டு மாஸ்க்குக்குத் திரும்புங்கள். 'இதோ தெரிகிறது, இன்னும் ஒரு நொடி' என்ற நினைப்புதான் ஆபத்து. இதயத்துடிப்பு குறைந்தாலும் முதல் மருந்து ஆக்ஸிஜன்தான்.

அப்புறம் குளிர். டிசம்பர் காலையில் குழந்தையின் பாதம் சில்லிட்டிருந்தால் ஆக்ஸிமீட்டர் சரியாகக் காட்டாது. உடம்பைச் சூடாக வைக்கவே குழந்தை கூடுதல் ஆக்ஸிஜனை எரிக்கும். தியேட்டரை முன்பே சூடாக்கி வையுங்கள்.

டியூப் உள்ளே போனதும், குழந்தை வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு அலை மூச்சுக்கு மூச்சு திரையில் வர வேண்டும். வரவில்லை என்றால் டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. நம் மலையில் குழந்தைக்குச் சளி பிடிப்பது சகஜம், 'லேசான சளிதானே' என்று சொல்லாமல் விடாதீர்கள். கடந்த இரண்டு வாரத்தில் சளி, இருமல் இருந்திருந்தால் மயக்கத்தில் தொண்டை சட்டென்று இறுகிக்கொள்ளலாம். குடலிறக்கம் சிக்கிக்கொள்ளாத வரை, சளி ஆறட்டும் என்று டாக்டர் தேதியைத் தள்ளி வைத்தால், தயவுசெய்து ஒத்துக்கொள்ளுங்கள்.